சமையல் குழு

"உன் போன் கூப்பிடுது" என்று சொல்லிக்கொண்டே ரிஃபாத் அதைக் கையில் எடுத்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று.

கரீமா அடுப்பில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வைங்க! வைங்க! மேசையில வைங்க!"

"அட, கொண்டுவந்து கொடுக்கத்தானே எடுத்தேன்."

"வேண்டாம், நானே பார்த்துக்கறேன்."

அதற்குள் அவர் கண் பார்த்துவிட்டது. திரையில் 'சமையல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவின் பெயர். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. 'லுத்ஃபி: இன்னிக்கு என்ன சாப்பாடு?'

லுத்ஃபி, ரிஃபாத்தின் உடன்பிறந்த தம்பி. அறுபத்து மூன்று வயது. ஒருமுறை மனைவி ஊருக்குப் போயிருந்தபோது தேநீருக்கு வெந்நீர் வைக்கிறேன் என்று கெட்டிலின் அடியையே உருக்கியவன். அவன் சமையல் குழுவில் இருக்கிறான் என்றால் மீன்கள் தையல் வகுப்புக்குப் போகின்றன என்று அர்த்தம்.

"லுத்ஃபி எப்போ சமைக்க ஆரம்பிச்சான்?"

"அவன் எங்க சமைக்கிறான்? அவன் பொண்டாட்டி போன் ரிப்பேர். அவன் போன்லேருந்து அவ பேசறா. பொம்பளைங்க குரூப்பு. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

கரீமா போனை வாங்கி அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டாள். அடுப்பிலிருந்து கருகல் வாசனை வந்தது. நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் கரீமா கத்தரிக்காயைக் கருகவிட்டு அவர் பார்த்ததே இல்லை.

ரிஃபாத் பால்கனிக்கு வந்து தன் போனைத் திறந்தார்.

அவர் முப்பத்து நான்கு வருஷம் எகிப்தின் தந்தா ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து வண்டிகளை அறிவித்தவர். ஓய்வு பெற்ற நாள் அன்று மைக்கை விட்டுப் பிரியத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்தது குடும்பத்தின் வாட்ஸ்அப் குழு. 'ஒரே வீடு' என்று பெயர். அவரையும் சேர்த்து முப்பத்தொரு பேர். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் குரல் அதில் ஒலிக்கும்.

"குடும்பத்தாரின் கனிவான கவனத்திற்கு. இன்று செவ்வாய்க்கிழமை. தந்தாவில் லேசான பனி. சமீஹாவின் பேத்திக்கு இன்று பரீட்சை. லுத்ஃபி பல் டாக்டரிடம் போகவேண்டிய நாள், மறந்துவிட வேண்டாம்."

ஆறு வருஷமாக இதற்குக் கிடைத்ததெல்லாம் வசவுதான். "அண்ணே, ஆறு மணிக்கு எந்த மனுஷன் முழிச்சிருக்கான்?" என்பான் லுத்ஃபி. "என் பல்லைப் பத்தி முப்பது பேருக்கு எதுக்குச் சொல்றே?" என்று இன்னொரு தரம் கத்துவான். "பனி இருக்கான்னு ஜன்னலைத் திறந்து பார்த்துக்க மாட்டோமா?" என்பாள் தங்கை சமீஹா, பக்கத்து ஊரான மஹல்லாவிலிருந்து. இஹ்ஸான் அத்தைக்கு எண்பத்து நாலு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. எதுவானாலும் குரல் பதிவுதான். பின்னால் டிவி அலற, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, "ரிஃபாத், உன் தொண்டைக்கு ஓய்வே கிடையாதாடா?" என்று கேட்பாள். ரிஃபாத் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வார். சண்டை மதியச் சாப்பாடு வரைக்கும் போகும். அவருக்கு அதில் பசியே மறந்துபோகும்.

இப்போது ஒரு மாதமாக அப்படி இல்லை. அவர் பேசி முடித்த மறு நிமிஷமே சிவப்பு இதயங்கள் வந்து விழுகின்றன. முப்பது இதயம். 'அருமை அண்ணே.' 'உங்க குரலைக் கேட்டாத்தான் பொழுது விடியுது.' அதற்குப் பிறகு நாள் முழுக்க மூச்சுப்பேச்சு இல்லை. கல்யாண வீட்டில் வேண்டாத விருந்தாளிக்கு முதலில் தட்டை வைத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்களே, அந்த மரியாதை.

எல்லாரும் வேறு ஏதோ ஒரு வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தன்னை மட்டும் பழைய வீட்டில் விளக்கைப் போட்டு உட்கார்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் புது வீட்டின் பெயர் இன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காப்பிக்கடையில் லுத்ஃபியைப் பிடித்தார்.

"ஏண்டா, மொலொகியா எப்படி வைக்கணும்?"

லுத்ஃபி வாயிலிருந்து சீஷா புகைக்குழலை எடுத்தான். "என்னது?"

"மொலொகியா. கீரை. பச்சையா, வழவழன்னு. அறுபது வருஷமா நீ தின்னுட்டு இருக்கியே, அது."

"கீரையை வேகவெக்கணும் அண்ணே."

"சரி."

"உப்புப் போடணும்."

"சரி. பூண்டு?"

"பூண்டும் போடணும்."

"நெய்யில பொரிச்ச பூண்டைக் கொட்டுற நேரத்துல என்ன பண்ணணும்?"

லுத்ஃபி ரொம்ப நேரம் யோசித்தான். "கிளறணும்."

பக்கத்து மேசையில் டாமினோ ஆடியவர்கள் காயை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பூண்டு விழும்போது சமைக்கிறவள் மூச்சை இழுத்து 'ஹ்ஹா!' என்று ஒரு சத்தம் போடவேண்டும், இல்லாவிட்டால் ருசியே வராது என்பது எகிப்தில் பால்குடி மறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கடைக்காரரே கல்லாவிலிருந்து "ஹ்ஹா!" என்று இழுத்துக் காட்டினார்.

"ஒரு மாசமா சமையல் குரூப்புல இருக்கே. இதுகூடச் சொல்லித்தரலையா அங்க?"

லுத்ஃபியின் முகம் வெளுத்துப்போயிற்று. எழுந்து முகம் கழுவப் போனான். திரும்பி வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன.

"புகை அண்ணே. கரி சரியில்லை."

"புகைதான். எனக்கும் தெரியுது" என்றார் ரிஃபாத்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் நியாயமாகவே யோசித்துப் பார்த்தார். ஆறு வருஷமாக ஆறு மணிக்கு எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? பாவம், மூஞ்சிக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் தனி வீடு கட்டிக்கொண்டார்கள். குற்றம் தன் மேல்தான். அறிவிப்பை நிறுத்திவிட்டால் தானாகவே திரும்பி வந்துவிடுவார்கள்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார்.

ஆறு ஐந்துக்கு கரீமா வந்து மூக்கின் அருகே கையை வைத்துப் பார்த்தாள்.

"என்ன பண்றே?"

"கொசு."

ஆறு எட்டுக்கு அலெக்ஸாண்டிரியாவிலிருந்து மகன் ஐமன் கூப்பிட்டான். மாதம் ஒரு முறை கூப்பிடுகிறவன். "அப்பா? அப்பாதானே? பேசுங்கப்பா, ஏதாவது பேசுங்க."

"என்ன பேச? தூங்குறேன்."

"ஏன் தூங்குறீங்க?"

ஆறே காலுக்கு லுத்ஃபி கதவைத் தட்டினான். பைஜாமா, ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் அவன் மனைவியின் செருப்பு. ஏழரைக்கு மஹல்லாவிலிருந்து சமீஹா மைக்ரோபஸ் பிடித்து வந்து இறங்கினாள். மாடி ஏறி வந்த மூச்சு நிற்கவே கால் மணி ஆயிற்று.

எல்லாரும் அவர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "ஏன் இன்னிக்கு வாய்ஸ் வரலை?"

உண்மையைச் சொல்ல அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. "தொண்டை சரியில்லை" என்றார்.

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். சமீஹா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். கரீமா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லுத்ஃபி ஓடிப்போய் இரண்டு கிலோ எலுமிச்சையும், கறுஞ்சீரகமும், தேனும், ஒரு மருந்துக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தான். சாயங்காலம் ஐமன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். அப்பாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டான். பதினைந்து வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததில்லை.

"உனக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டார் ரிஃபாத். "காரா? வீட்டுப் பத்திரமா?"

"ஒண்ணும் வேண்டாம்பா."

"அப்போ என்னத்துக்குத் தோள்ல சாயறே?"

மூன்று நாள் தொண்டையில் துணி சுற்றி உட்கார வைத்தார்கள். நான்காம் நாள் அவர் தோற்று, காலை ஆறு மணிக்கு "குடும்பத்தாரின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். அரை நிமிஷத்தில் முப்பது இதயம். பிறகு அதே மயான அமைதி.

அதுதான் அவரைக் குத்தியது. சத்தம் நின்றால் ஓடி வருகிறார்கள். சத்தம் போட்டால் ஒளிந்துகொள்கிறார்கள். ஏதோ வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மாதிரி தன்னை ஓடவிட்டு, இவர்கள் வேறு எங்கோ வாழ்கிறார்கள்.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. இத்தனை வருஷம் நெய்யையும் உப்பையும் அவர் கண்ணிலிருந்து மறைத்து வைத்த கரீமா, இப்போது வாரநாளிலேயே புறாவுக்குள் அரிசி அடைத்துச் சமைத்தாள். ஊறுகாய், மீன் முட்டை, பாஸ்தா என்று மேசை நிறைந்தது. ரிஃபாத்தால் நாலு வாய்க்கு மேல் முடியவில்லை. போன மாதம் வயிற்றைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், புண் என்று மாத்திரை கொடுத்திருந்தார்.

"இவ்வளவு எதுக்குச் சமைக்கிறே?"

"உங்களுக்குப் பிடிக்குமேன்னு."

"நாற்பது வருஷமா எனக்குப் பிடிச்சதை ஒளிச்சு வெச்சே. இப்போ எதுக்கு?"

கரீமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மனசாட்சி உறுத்துகிறது, லஞ்சம் கொடுக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார்.

சோதித்துப் பார்க்க, சேறு பட்ட செருப்போடு வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் நடந்தார். அவள் சீதனமாகக் கொண்டுவந்த கம்பளம். அதன் மேல் ஒரு சொட்டு தேநீர் சிந்தியதற்காக ஒருமுறை இரண்டு நாள் பேசாமல் இருந்தவள். இப்போது ஈரத் துணியை எடுத்துவந்து, குனிந்து, துடைத்துவிட்டுப் போனாள்.

"திட்டேன்" என்றார் ரிஃபாத்.

"எதுக்கு?"

"கம்பளத்துக்கு."

"கம்பளம் கிடக்குது, விடுங்க."

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. கம்பளம் கிடக்கிறதாம்.

கடைசி ஆயுதம் ஒன்று பாக்கி இருந்தது. கால்பந்து. ரிஃபாத் அஹ்லி கட்சி. லுத்ஃபி ஸமாலிக் கட்சி. தன் கல்யாணத்தன்றே கோட்டுக்குள் அந்த அணியின் இரண்டு சிவப்புக் கோடு போட்ட வெள்ளைப் பனியனோடு வந்து உட்கார்ந்தவன். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி ஐம்பது வருஷமாக ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததில்லை. அப்பா இறந்த வீட்டில், மூன்றாம் நாள், வந்தவர்கள் விலக்கிவிடும் அளவுக்கு அது போனது.

ரிஃபாத் 'ஒரே வீடு' குழுவில் எழுதினார்: 'ஸமாலிக் என்பது ஒரு அணியே அல்ல. அது ஒரு நோய். அதன் ரசிகர்களை வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். என் தம்பியிலிருந்து தொடங்கலாம்.'

எழுதிவிட்டுக் காத்திருந்தார். நீல டிக் விழுந்தது. 'லுத்ஃபி எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ரிஃபாத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வரட்டும். பதினோரு குரல் பதிவாவது வரும். கெட்ட வார்த்தையும் இருக்கும்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

'நீங்க சொல்றது சரி அண்ணே. அஹ்லிதான் பெரிய டீம்.'

ரிஃபாத் அதை மூன்று தரம் படித்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

வெறுப்பு என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். தம்பி ஸமாலிக்கையே விட்டுக்கொடுத்துவிட்டான். இவனோடெல்லாம் எதற்குப் பேச்சு என்று முடிவு செய்த பிறகுதான் ஒருவன் அப்படிச் செய்வான். குடும்பத்தில் மூத்தவனாகப் பிறந்து, எல்லார் பல்லையும் பரீட்சையையும் நினைவு வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சண்டைக்குக்கூட ஆகாதவனாகிவிட்டோம் என்று நினைத்தார். சாப்பிடக் கூப்பிட்ட கரீமாவிடம் பசியில்லை என்றார். அது பொய்யும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, குளித்து, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, பால்கனியில் உட்கார்ந்து கடைசி அறிவிப்பைப் பதிவு செய்தார். நிலையத்தில் பேசிய அதே குரல். ஒரு பிசிறு இல்லை.

"குடும்பத்தாரின் கனிவான கவனத்திற்கு. அறுபத்தேழு வருடங்களாக உங்களோடு ஓடிக்கொண்டிருந்த வண்டி இன்றுடன் நிறுத்தப்படுகிறது. இத்தனை நாள் ஏற்பட்ட இரைச்சலுக்கு வருந்துகிறோம். நன்றி."

அனுப்பிவிட்டுக் குழுவிலிருந்து விலகினார்.

அவர் போனைக் கீழே வைப்பதற்குள் உள்ளே கரீமாவின் போன் அலறியது. அடுத்து வீட்டுத் தொலைபேசி. கரீமா மாவுக் கையோடு பால்கனிக்கு ஓடிவந்தாள்.

"ஏன் இப்படிப் பேசினீங்க? யார் என்ன சொன்னாங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. அதுதான் என் குறை."

"சத்தியமா யாரும் சொல்லலையே?"

"உங்க சமையல் குரூப்புல போய்க் கேளு. அங்கதானே எல்லாம் பேசறீங்க."

கரீமா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் போன் அடித்தது. சமீஹா. அழுதுகொண்டே பேசினாள்.

"அண்ணே, உங்க கையை முத்தம் வெக்கிறேன். திரும்பி வாங்க. நீங்க இல்லாத குரூப்பு எங்களுக்கு எதுக்கு?"

"இருக்கே உங்களுக்கு இன்னொண்ணு."

"ஐயோ, அது... அண்ணே, நான் இப்பவே உங்களைச் சேர்த்துடறேன். போனை வெக்காதீங்க. இல்லை, வெச்சுடுங்க. வெச்சாத்தான் எனக்கு அமுக்கத் தெரியும்."

சமீஹாவுக்கும் கைபேசிக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. வெங்காயம் வாங்கி வரச் சொல்லி மருமகனுக்கு அனுப்பவேண்டியதைப் பள்ளிவாசல் இமாமுக்கு அனுப்பியவள் அவள். அந்த மனிதரும் மூன்று கிலோ வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

ஒரு நிமிஷத்தில் ரிஃபாத்தின் போன் துடித்தது. 'சமீஹா உங்களைச் சேர்த்தார்.'

அவர் திறந்து பார்த்தார். மேலே பெயர், 'சமையல்'.

பதட்டத்தில் தங்கை தப்பான கதவைத் திறந்துவிட்டாள்.

ரிஃபாத் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தார். பிறகு உள்ளே யார் யார் என்று பார்த்தார். கரீமா. லுத்ஃபி. சமீஹா. ஐமன். குவைத்தில் இருக்கும் மருமகன். அத்தை. முப்பது பேரும் இருந்தார்கள், அவரோடு முப்பத்தொன்று. ஆனால் இதற்கு முன் அங்கே பேசியது ஒன்றும் அவருக்குக் காட்டவில்லை. புதிதாக வருகிறவருக்கு வெறும் சுவர்தான். வலித்தது, வந்து சேர்ந்துவிட்டோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பது போல அங்கியின் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

ஐமன் ஏதோ எழுதினான். படிப்பதற்குள் அது போய், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஆயிற்று. லுத்ஃபி எழுதினான், நீக்கினான். சமீஹா எழுதினாள், நீக்கினாள். மறுபடியும் லுத்ஃபி. வரிசையாக நான்கு வெற்று வரிகள்.

ரிஃபாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டுகிறார்கள்! தான் உள்ளே வந்தது தெரியாமல் திட்டி எழுதி, தெரிந்ததும் பதறி அழிக்கிறார்கள். ஒரு மாதமாக இந்த வசவைக் கேட்காமல்தான் அவர் பாதியாகிப்போனார்.

"கரீமா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "உங்க சமையல்கட்டுக்குள்ள வந்துட்டேன்! இனிமே என்ன திட்டுறதா இருந்தாலும் என் முன்னாடியே திட்டுங்க!"

உள்ளே ஒரு தட்டு விழுந்து உடைந்தது. ஈரக் காலடிகள் கூடத்தில் ஓடிவரும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில்தான் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. இஹ்ஸான் அத்தை. யார் உள்ளே வந்தார்கள், யார் எதை அழித்தார்கள் என்றெல்லாம் படிக்கத் தெரியாதவள். ரிஃபாத் சிரித்துக்கொண்டே அதை அமுக்கி, காதில் வைத்துக்கொண்டார். பின்னால் டிவி அலறியது. "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு அத்தை சொன்னாள்:

"லுத்ஃபி, டாக்டர் சொன்ன மூணு மாசத்துல ஒரு மாசம் ஓடிப்போச்சுப்பா, இதுக்கு மேலயும் மறைக்கிறது பாவம், உங்கள்ல யாராவது ஒருத்தர் போய் ரிஃபாத்கிட்ட சொல்லிடுங்க."